நாய்க்கு மறுத்த பெயர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ் கற்பிப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த விடயத்தை எடுத்தாலும் அதற்குத் தொல்காப்பியத்தில் ஓர் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாய்க்குட்டியின் கதை. எறியப்பட்டு, நோயில் விழுந்து, பிழைத்தெழுந்து, ஒரு வீட்டைச் சேர்ந்த குட்டி அது. இதற்கும் தொல்காப்பியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு.

பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கின்றது. எதைக் கன்று என்பது, எதைக் குட்டி என்பது, எதைப் பார்ப்பு என்பது என்றெல்லாம் அங்கே வரையறை உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயர் உரியது என்கிறார் ஆசிரியர். நரிக்கும் அதுவே. புலிக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் நாய்க்கும். குட்டி என்றும் பறழ் என்றும் சொன்னாலும் தவறில்லை. இதுவரை நாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தொடர்ந்து வரும் ஒரு சூத்திரம், பிள்ளை என்ற பெயரையும் இவற்றுக்கு வழங்கலாம் என்று இசைவு தருகின்றது. தந்துவிட்டு, நாயை மட்டும் விலக்கி விடுகின்றது. பன்றிக்கு உண்டு, புலிக்கு உண்டு, முயலுக்கும் நரிக்கும் உண்டு. நாய்க்கு இல்லை. ஏன் என்று சூத்திரம் சொல்லவில்லை.

தொல்காப்பியர் தம் விருப்பு வெறுப்பை எழுதியவர் அல்லர். மக்கள் வழங்கியதைக் கண்டு வகுத்தவர். அந்த வழக்கு இன்றும் அப்படியே இருக்கின்றது. கீரிப்பிள்ளை என்கிறோம், அணிற்பிள்ளை என்கிறோம், கிளிப்பிள்ளை என்கிறோம். மரத்தைக்கூட விடவில்லை; தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். நாய்ப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்திலோ, மட்டக்களப்பிலோ, மலையகத்திலோ எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது விந்தையான செய்தி. மனிதனோடு முதன்முதலிற் கூடி வாழத் தொடங்கிய விலங்கு நாய்தான். ஆட்டையும் மாட்டையும் பழக்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாய் அவனுடைய தீயருகே வந்து படுத்துவிட்டது என்பர் தொல்லியலாளர். அத்தனை அணுக்கமான ஓர் உயிருக்கு, நம் வீட்டுப் பெயராகிய பிள்ளை என்ற பெயரைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

நம்முடைய இலக்கியங்கள் நாயைப் பேசாமல் விட்டன என்று சொல்ல முடியாது. சங்கப் பாடல்களில் வேட்டுவரோடு ஓடும் ஞமலியும் ஞாளியும் நாமறிந்தவையே. நட்பாராய்தலைப் பேசவந்த நாலடியார் ஓர் உவமை சொல்கிறது. பல காலம் பழகியிருந்தும் யானை தன் பாகனையே கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் தன் உடம்பிலே தைத்திருக்கும்போதும் வாலைக் குழைத்து நிற்கும். ஆகவே யானை போன்றவரின் நட்பை விட்டு, நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்பது அதன் கருத்து. உயர்தர வகுப்பில் இப்பாடலை நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாயின் நன்றியறிதலைப் பற்றி மாணவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். அந்த வேலை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று ஒரு மாணவன் ஒருநாள் கேட்டான். பாடலில் அதற்கு விடை இல்லை. நாய் மனிதனுக்குப் பட்ட நன்றி அங்கே பேசப்படுகின்றது. மனிதன் நாய்க்குப் பட்ட கடனைப் பாடிய பாடல்கள் மிகச் சிலவே.

பாரதத்தில் தருமரின் கதை உண்டு. மகாபிரஸ்தானத்தில் தம்பியரும் திரௌபதியும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தபின், தருமருக்குப் பின்னால் எஞ்சியது ஒரு நாய் மாத்திரமே. இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தம்மை நம்பி வந்த உயிரைக் கைவிட்டுச் சுவர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். பிறகு அந்த நாயே தருமதேவதையாகக் காட்சி தருகின்றது. இந்த இடத்தில் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல் உண்டாகிறது. நல்ல வேளை, அது நாய் அல்ல, தேவன் என்ற ஆறுதல். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். தருமருக்கு அது தேவன் என்று தெரியாது. அவர் சுவர்க்கத்தை மறுத்தது ஒரு நாய்க்காகத்தான். கதையின் பெருமை அவர் மறுத்த கணத்திலேயே நிறைவு பெற்றுவிட்டது.

எங்கள் ஊர்களில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சி அரிது. வைரவருக்கு நாய் வாகனம். வடைமாலை சாத்தி, வாகனத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வாசலில் உயிரோடு நிற்கும் நாய் வடைக்காக உள்ளே எட்டிப் பார்த்தால் கல்லெடுப்போம். வைவதற்கும் நமக்கு நாய்தான் வேண்டும். நாய்ப் பிழைப்பு என்கிறோம், நாய்படாப் பாடு என்கிறோம். திருவாசகத்தில் மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயாகத் தாழ்த்திக் கூறும் இடங்கள் பல. இறைவன் முன் தம்மை அதனினும் தாழ்த்த வேறு பெயர் கிடைக்கவில்லை. பணிவுக்கும் நாய், இழிவுக்கும் நாய், விசுவாசத்துக்கும் நாய். உவமையாக நாயை எத்தனையோ விதமாகப் பயன்படுத்தி விட்டோம். நாயை நாயாகவே கண்டு, அதன் துன்பத்தை அதன் துன்பமாகவே பார்ப்பதுதான் நமக்குக் குறைவு.

இனி அந்தக் குட்டியின் கதைக்கு வருகிறேன்.

2022 ஆம் ஆண்டு. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். சமையல் எரிவாயு இல்லை, மின்வெட்டு, பால்மாவுக்குத் தட்டுப்பாடு. அத்தகைய நாளொன்றில் எங்கள் கல்லூரியின் சைக்கிள் கொட்டகையில் ஓர் உரப்பை கிடந்தது. உள்ளே நான்கு குட்டிகள். வலிகாமத்தில் இது புதிதல்ல. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் பாடசாலை மதிலோரத்திலும் இப்படிக் கொண்டுவந்து விட்டுப்போவார்கள். மனிதரே உண்ண வழியில்லாத காலத்தில் இது இன்னும் கூடியது. நான்கில் இரண்டு கடுவன் குட்டிகள். மணி அடிப்பதற்கு முன்னரே அவற்றுக்கு ஆள் வந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டும் பெட்டைகள். பெட்டைக் குட்டி வளர்ந்தால் குட்டி போடும். குட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஆகவே எவரும் தொடமாட்டார்கள். உரப்பைகளில் வந்து சேர்பவற்றில் மிஞ்சுவன எப்போதும் பெட்டைகளே.

பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் அவை இரண்டையும் எடுத்துக்கொண்டான். தந்தை மேசன் வேலை செய்பவர். குடியிருப்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில். அங்கே வைத்திருக்க இயலாது. எங்கள் ஒழுங்கையில் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியே வசிக்கிறார். ஊரில் அவருக்கு மனேச்சர் ஐயா என்றுதான் பெயர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூவரும் கனடாவில். மாட்டை விற்றபின் அவரது வளவில் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. மாணவனுக்காக நான் போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கொட்டிலுக்கை கிடக்கட்டும் மாஸ்ரர். வீட்டுப் பக்கம் கொண்டுவரப்படாது. அவ்வளவுதான்” என்றார்.

நான்காம் நாள் ஒரு குட்டி சோர்ந்து படுத்தது. சத்தி, அதன்பின் இரத்தக் கழிச்சல். மறுநாள் விடியுமுன் அது இறந்துவிட்டது. அன்று மாலையே மற்றதும் படுத்துவிட்டது. மாணவன் அதைத் துவாயிற் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனான். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாத காரணத்தால் நானும் சைக்கிளிலேயே கூடச் சென்றேன்.

பார்வோ என்றார் வைத்தியர். இந்த நோயைப் பற்றி அன்றுதான் நான் விளக்கமாக அறிந்தேன். உலகம் இதனை முதன்முதலாக அறிந்தது 1978 ஆம் ஆண்டளவிற்றான். இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளையே பெரிதும் தாக்குவது. குடலின் உட்சுவரைச் சிதைத்து, நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களையும் குறைத்துவிடும். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடந்து அடுத்த குட்டிக்குக் காத்திருக்கும். கவனியாது விட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் வரை இறந்துபோகும். உரிய வேளையில் பராமரித்தாலோ பெரும்பாலானவை தப்பிவிடும்.

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது ஏதோ அரிய மருந்தாக இருக்கும் என்றுதான் நான் எண்ணினேன். அப்படி இல்லை. கிருமியைக் கொல்லும் மருந்து வைத்தியரின் அலுமாரியில் இல்லை. உடம்பு தானே போராடி வெல்லவேண்டும். போராடி முடியும்வரை உடம்பில் நீர் வற்றாமலும், சூடு தணியாமலும், வேறு கிருமிகள் புகாமலும் பார்ப்பதுதான் வைத்தியம். நாள்தோறும் தோலின் கீழ் சேலைன் ஏற்றுவதாகவும், சத்தியை நிறுத்தவும் வேறு தொற்றைத் தடுக்கவும் ஊசி போடுவதாகவும் வைத்தியர் சொன்னார். சத்தி நின்றபின் ஜீவனிக் கரைசலைத் துளித்துளியாகக் கொடுக்கவேண்டும். எஞ்சியது சூடு. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

மாணவன் விடியற்காலையும் பாடசாலை விட்டபின்னும் வந்தான். கொட்டிலைக் கூட்டி, குளோரின் கரைசலால் நிலத்தைக் கழுவி, சாக்கை மாற்றுவான். ஊசி கழற்றிய சிறிஞ்சியால் கடைவாயில் துளித்துளியாக விடுவான். மனேச்சர் ஐயா விறாந்தையில் இருந்தபடி, “உது தப்பாது தம்பி. வீணாக் காசைச் செலவழிக்காதை” என்பார். “தப்பினாலும் தப்பும் ஐயா” என்று அவன் சொல்வான். இருவருக்கும் வேறு பேச்சில்லை.

இரவில் மாணவன் வரமுடியாது. இரண்டாம் இரவு மின்வெட்டு. மழையும் தூறியது. ஒழுங்கையால் வந்த நான் கொட்டிலில் ரோர்ச் வெளிச்சத்தைக் கண்டு உள்ளே போனேன். மனேச்சர் ஐயா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் நிரப்பி, பழஞ் சாரத் துண்டுகளில் சுற்றி, குட்டியின் இருபக்கமும் அணைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு போத்தல் ஆறியதும் மற்றதை வைக்கவேண்டும். அந்த இரவு முழுவதும் அவர் அடுப்புக்கும் கொட்டிலுக்குமாக நடந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் அவர் வாய்திறந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வெளியேறிய அந்த இடப்பெயர்வைப் பற்றி நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே வழியால் தென்மராட்சியை நோக்கி அடி அடியாக நகர்ந்த இரவு. மனிதரைப் பற்றிப் பல கதைகளும் கவிதைகளும் எழுதப்பட்டுவிட்டன. கூடவே நடந்த நாய்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. மனேச்சர் ஐயா சொன்னார்: “நாவற்குழிப் பாலம் மட்டும் பின்னாலை வந்தது மாஸ்ரர். பிறகு சனத்துக்கை காணேல்லை. நிண்டு தேட ஏலுமே? தருமருக்கு அந்த நாய் மட்டும்தான் மிச்சம். எனக்கு முன்னாலை மூண்டு பிள்ளையள். சைக்கிள் கரியரிலை நடக்க ஏலாத தாய்.”

1996 இல் அவர்கள் ஊர் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை. நாயும் இல்லை. அதன்பின் அவர் நாய் வளர்க்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாயைப் பிடிக்காதவர் என்று ஊர் அவரைச் சொல்லிவந்தது.

அவரைக் குறைசொல்ல எவராலும் முடியாது. அந்த இரவில் அவர் நின்றிருந்தால் ஆறு உயிர்கள் நின்றிருக்க வேண்டும். அறத்தைப் பற்றி வகுப்பறையில் பேசும் எங்களைப் போன்றோர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தருமர் மறுத்தது சுவர்க்கத்தை. தம் பிள்ளைகளின் உயிரை மறுக்கும்படி அவரை எவரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் குட்டி தலையைத் தூக்கியது. ஆறாம் நாள் சிரட்டையில் வைத்த கஞ்சித் தண்ணீரைத் தானாக நக்கியது. ஒரு வாரம் கழிந்ததும் கொட்டிலுக்கு வெளியே வந்து, நிற்க மாட்டாமல் விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. மாணவன் அதை எங்கே விடுவது என்று என்னிடம் கேட்டான். நான் இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்து வைத்திருந்தேன். மனேச்சர் ஐயாவிடம் சொன்னபோது, “இப்ப அதை அலைக்க வேண்டாம். உடம்பு தேறட்டும் பாப்பம்” என்றார்.

உடம்பு தேறியது. குட்டி கொட்டிலிலிருந்து மாமரத்தடிக்கும், மாமரத்தடியிலிருந்து விறாந்தைப் படிக்கும், படியிலிருந்து அவருடைய சாய்மனைக் கதிரையின் காலடிக்கும் வந்துசேர்ந்தது. வரக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. உரிய காலத்தில் தடுப்பூசிகள் போடப்பட்டன. குட்டி போடாதிருக்கச் சத்திரசிகிச்சையும் செய்விக்கப்பட்டது. அதற்கு மனேச்சர் ஐயாவே வாடகை ஓட்டோ பிடித்துக்கொண்டு போனார். மாணவன் பாடசாலையை விட்டு இப்போது தந்தையோடு மேசன் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைக் குளிப்பாட்டி விட்டுப் போவான்.

அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். ஜிம்மி, ரைகர், வீமன் என்று நாய்களுக்கு நம்மிடம் வழக்கமான பெயர்கள் உண்டு. “பேர் ஒண்டும் வைக்கேல்லை மாஸ்ரர். கூப்பிட்டால் வருது தானே” என்றார். எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைப் பிறகு ஒரு மாலையில் படலையடியில் நின்று கேட்டேன். “பிள்ளை, இருண்டு போச்சு. உள்ளுக்கு வா” என்றார். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிடும் அதே குரல். படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே போயிற்று. மனேச்சர் ஐயா தொல்காப்பியம் படித்தவர் அல்லர். மரபியல் விலக்கிய சொல்லைத் தாம் வழங்குவது அவருக்குத் தெரியாது.

நேயர்களே, இதைக் கேட்டு எல்லோரும் தெருநாய்களை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாய்மீது நமக்குள்ள அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். அக்காலத்தில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே தீர்வாகக் கருதப்பட்டது. 2006 ஆம் ஆண்டு முதல் நாய்களைக் கொல்லாதிருப்பது அரசின் கொள்கையாயிற்று. கொல்வதைக் கைவிட்டதால் நோய் பெருகிவிடவில்லை. ஆண்டுதோறும் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போட்டும், கடிபட்டவருக்கு உடன் ஊசி போட்டும், அண்மைய ஆண்டுகளில் அந்த மரணங்கள் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டன. அச்சத்தைக் குறைத்தது தடுப்பூசியே.

ஆகவே செய்யவேண்டியவை எளியவை. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடருங்கள். பெட்டை நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்வியுங்கள். உரப்பைக்குள் கட்டி எறியவேண்டிய குட்டிகள் அதன்பின் பிறக்கப் போவதில்லை.

பிள்ளை என்பது இளமையைக் குறிக்கும் பெயர் என்று மட்டுமே இதுவரை மாணவர்களுக்குச் சொல்லி வந்தோம். அதற்குள் இன்னொரு பொருளும் இருக்கின்றது. இரவில் எழுந்து பார்க்கவேண்டிய கடமை எதன்மீது நமக்கு உண்டோ அது நமக்குப் பிள்ளை. நன்றாக வால் குழைப்பதால் அந்தப் பெயர் கிடைப்பதில்லை. நோயில் கிடந்தபோது ஒருவர் கண்விழித்தார் என்பதால் கிடைக்கின்றது. இலக்கணம் வழக்கைப் பின்பற்றி நடப்பது. தொல்காப்பியர் தம் காலத்து வழக்கைக் கண்டார். நாய்க்கு அப்பெயர் இல்லை என்று எழுதினார். இன்று அவர் எங்கள் ஒழுங்கையால் ஒரு மாலைப்பொழுதில் வருவாராயின், அந்த விலக்கைச் சற்றுத் தளர்த்தியே எழுதுவார் என்று நம்புகிறேன்.